சுண்ணாம்பாறு அமைதியான ஆறுதான், எல்லா நேரமும் இல்லை: முதல் கயாக் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் சுண்ணாம்பாற்றிலோ அரியாங்குப்பம் ஆற்றிலோ கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டுகிற சின்னப் படகு) ஓட்டலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அலையே இல்லாத தண்ணீர், இரண்டு பக்கமும் அலையாத்திச் செடிகள், நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கயாக். அந்தப் போட்டோவில் பொய் எதுவும் இல்லை, காலை ஆறரை மணிக்கு எடுத்தது, அவ்வளவுதான். அதே இடத்துக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றால் தண்ணீர் சிலுசிலுவென்று அலையடிக்கும், தலைக்கு மேல் வெயில், எதிரே காற்று. நம்ம பக்கத்து ஆறுகள் எல்லாமே கடலை ஒட்டிய கழிமுகத்து ஆறுகள். அவை எப்போது அமைதியாக இருக்கும் என்பதைக் கடலும் காற்றும்தான் முடிவு செய்கின்றன. முதல் தடவை போகிறவர்கள் செய்கிற தவறுகளில் பாதி, இது தெரியாததால் வருவது.

முதல் தவறு, நேரத்தில். "ஹோட்டலில் டிபன் முடித்துவிட்டு நிதானமாகப் பத்து மணிக்கு வர்றோம்" என்பார்கள். கோடைக் காலத்தில் காலையில் காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும், நிலம் சூடேறச் சூடேற முற்பகலுக்கு மேல் அது திரும்பிக் கடல் காற்றாகிவிடும். ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடல் காற்று வரவே பிற்பகல் ஆகிவிடும், அதுவரை காற்று உங்களைக் கடல் பக்கமாகவே தள்ளிக்கொண்டிருக்கும். கயாக் எடை குறைந்த பொருள், தண்ணீருக்கு மேலேயே உட்கார்ந்திருப்பது, சின்னக் காற்றுக்கே திரும்பிக்கொள்ளும். அதனால் வழிகாட்டி ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஆறு மணிக்கே போங்கள். அவர் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கச் சொல்லவில்லை.

காற்றைவிட முக்கியம் ஏற்றவற்றம். இந்தக் கரையில் கடல் நீர் ஏறி இறங்குகிற உயரம் சுமார் ஒரு மீட்டரோ அதற்கும் குறைவோதான். "ஒரு மீட்டர்தானா" என்று தோன்றும். ஆனால் அலையாத்திக் காட்டுக்குள் இருக்கிற சின்ன ஓடைகளில் தண்ணீரே மொத்தம் அவ்வளவுதான் இருக்கும், அதில் பாதி வடிந்துவிட்டால் கயாக் சேற்றில் உட்கார்ந்துவிடும். இறங்கித் தள்ளலாம் என்று காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். ஏற்றம் சுமார் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை வருகிறது, ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அதனால்தான் போன வாரம் உங்கள் நண்பர் ஏழு மணிக்குப் போன அதே வழியில் இந்த வாரம் ஏழு மணிக்குப் போக முடியாமல் போகலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றும்போது இழுப்பும் அதிகம்.

இதைத் தெரிந்துகொள்ள அட்டவணை எதுவும் வேண்டாம், பாலத்தின் தூணைப் பார்த்தாலே போதும். கடலூர் சாலையில் நோணாங்குப்பம் பாலத்துக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே தூணில் ஒரு பட்டை அளவுக்கு ஈரம் தெரிந்தால் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நீர்மட்டம் காய்ந்த பகுதியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஏறுகிறது. கூடவே ஒரு சருகோ வெங்காயத்தாமரைத் துண்டோ எந்தப் பக்கம் மிதந்து போகிறது என்று ஒரு நிமிடம் பார்த்தால் இழுப்பின் வேகமும் பிடிபடும். படகில் ஏறுவதற்கு முன் இந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுகிறவர்கள் ரொம்பக் குறைவு.

சரி, இதை வைத்து என்ன செய்வது? எதிர்ப்பை முதலில் முடித்துவிடுங்கள். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிராக முதலில் போய்விட்டு, களைத்த பிறகு அவற்றோடு சேர்ந்து திரும்பி வரவேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். காலையில் கரைக்காற்று, கூடவே வற்றம், இரண்டும் சேர்ந்து கிழக்கே முகத்துவாரம் பக்கமாகத் தள்ளும்போது துடுப்பே போடாமல் கயாக் வழுக்கிக்கொண்டு போகும். "அட, எனக்கு நல்லா வருதே" என்று நினைத்துக்கொள்வார்கள். வந்தது அவர்களுக்கு இல்லை, ஆற்றுக்கு. அரை மணி நேரத்தில் வந்த தூரத்தைத் திரும்பிக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆகும்போதுதான் அது புரியும்.

இதோடு சேர்ந்ததுதான் "அண்ணா, கடல் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வரலாமா" என்ற கெஞ்சல். பாரடைஸ் பீச் பக்கம் ஆறு கடலில் சேர்கிற இடம் கரையிலிருந்து பார்க்க அழகு. ஆனால் வடிகிற ஆற்று நீரும் உள்ளே வருகிற கடலலையும் மோதுகிற இடம் அது, மணல் திட்டு வருடத்துக்கு வருடம் இடம் மாறும், வற்றத்தின்போது இழுப்பு நேராகக் கடலுக்குள் போகும். முதல் பயணத்தில் அங்கே உங்களுக்கு வேலையே இல்லை. வழிகாட்டி மாட்டேன் என்றால் அவர் நல்ல வழிகாட்டி. கூடக் கொஞ்சம் பணம் கொடுத்ததும் சரி என்று தலையாட்டுகிறவரிடம் இரண்டாவது தடவை போகாதீர்கள், முடிந்தால் முதல் தடவையும்.

மழைக்காலம் பற்றிப் பேசும்போது பலர் தங்கள் தலைக்கு மேல் இருக்கிற வானத்தை மட்டும் பார்க்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த மாதங்களில் புதுச்சேரியில் வெயிலடித்தாலும் ஆற்றில் வெள்ளம் வரலாம், ஏனென்றால் தண்ணீர் மேலே இருந்து வருகிறது. சங்கராபரணி ஆற்றின் குறுக்கே விழுப்புரம் மாவட்டத்தில் வீடூர் அணை இருக்கிறது, அது திறந்தால் தண்ணீர் வருவது இந்தப் பக்கம்தான், சுண்ணாம்பாறும் அரியாங்குப்பம் ஆறும் அதன் கிளைகள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஊரில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் கடலூர்க்காரர்களுக்கு அதைவிடப் பெரிய அடி அதற்கு அடுத்த நாட்களில் வந்தது, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட, தென்பெண்ணை கரையோரங்களை விழுங்கியது. அது ஓர் உச்சம்தான், எல்லா வருடமும் அப்படி இல்லை. இருந்தாலும் மழைக்காலத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில், மரக்கிளைகளை அடித்துக்கொண்டு வருகிறது என்றால் கட்டிய முன்பணம் போனால் போகிறது என்று திரும்பிவிடுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். போடாமல் போகிறவர்கள் இப்போது குறைவு, ஒழுங்காகப் போடாதவர்கள்தான் அதிகம். புழுக்கமாக இருக்கிறது என்று பக்கவாட்டுப் பட்டைகளைத் தளர்த்தி வைத்திருப்பார்கள். தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், ஆள் அதற்குள்ளிருந்து கீழே நழுவுவார். போட்டு முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் தளர்வு, இன்னும் இறுக்குங்கள். பெரியவர்கள் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டி முடிச்சுப் போட்டுச் சமாளிக்க விடாதீர்கள், சின்ன அளவு இல்லை என்றால் குழந்தை கரையிலேயே இருக்கட்டும். நீச்சல் தெரியாது என்பதை மறைப்பதும் பெரிய தவறு. நீச்சல் தெரியாதவர் தாராளமாகக் கயாக் ஓட்டலாம், ஆனால் அது வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் அவர் உங்கள் பக்கத்திலேயே வருவார். ஆஸ்துமா, வலிப்பு, தோள்பட்டை நழுவுகிற பிரச்சினை, இவற்றையும் கரையிலேயே சொல்லிவிடுங்கள்.

புதுச்சேரி என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். முந்தின இரவு குடித்துவிட்டு, மூன்று மணி நேரம் தூங்கி, காலையில் வெறும் வயிற்றோடு வந்து ஏறுகிறவர்கள் உண்டு. தெளிந்துவிட்டது என்பார்கள். உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருக்கும், கண்ணைக் கூசும் வெயில் தண்ணீரில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கும், பாதி வழியில் தலை சுற்றும். அப்படி ஓர் இரவு இருந்தால் பயணத்தை மறுநாளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் என்று லேசாகச் சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டால் போதும்.

உடையில் ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது. துப்பட்டா, தொங்குகிற கயிறு எதுவும் வேண்டாம். முழுக்கை டி-ஷர்ட், தொப்பி. காலுக்குப் பின்பட்டை வைத்த செருப்பு, ஏனென்றால் அலையாத்தி வேர்களிலும் பாலத்தூண்களிலும் ஒட்டியிருக்கிற சிப்பி பிளேடு போட்டது போலக் கிழித்துவிடும். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு. மோதிரத்தையும் கார் சாவியையும் கரையில் விட்டுவிடுங்கள்.

துடுப்புக்கு வருவோம். நிறையப் பேர் அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறார்கள். துடுப்பின் தட்டையில் லேசாக ஒரு குழிவு இருக்கும், அந்தக் குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். தட்டையில் எழுத்து இருந்தால் அது தலைகீழாக இருக்கக் கூடாது. துடுப்பைத் தலை மேல் வைத்துப் பிடித்தால் இரண்டு முழங்கையும் எல் வடிவத்தில் மடங்க வேண்டும், அதுதான் கைகளுக்கு இடையே இருக்க வேண்டிய தூரம். இறுக்கிப் பிடிக்காதீர்கள், பிடித்தால் கட்டைவிரல் மடிப்பில் கொப்புளம் நிச்சயம்.

அப்புறம், கையால் மட்டும் இழுக்காதீர்கள். காலை அதற்குரிய மேட்டில் ஊன்றி, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி இழுங்கள். துடுப்பைப் பாதத்துக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறக்கி, இடுப்புக்கு நேரே வந்ததும் எடுத்துவிட வேண்டும். இடுப்பைத் தாண்டி இழுக்க இழுக்கக் கயாக்கின் மூக்கு மறுபக்கம் ஓடும், அதைச் சரிசெய்ய மறுபக்கம் பலமாக ஒரு இழுப்பு, அது இந்தப் பக்கம் இன்னும் அதிகமாகத் திரும்பும், இப்படியே ஆறு முழுக்கப் பாம்பு மாதிரி நெளிந்து போகிறவர்களைப் பார்க்கலாம். கயாக்கின் மூக்கைப் பார்க்காமல் தூரத்தில் ஒரு மரத்தைப் பார்த்து ஓட்டினாலே பாதி நெளிவு போய்விடும். வலது பக்கம் திரும்ப, இடது பக்கம் துடுப்பை அகலமாக வீசி இழுக்க வேண்டும். நிறுத்த, பின்னோக்கித் தள்ள வேண்டும். கரையிலேயே இந்த மூன்றையும் செய்து பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

இருவர் அமரும் கயாக்கில் வேறு மாதிரி பிரச்சினை. முன்னால் இருப்பவர் வேகத்தைப் பிடித்துக்கொடுக்க வேண்டும், பின்னால் இருப்பவர் அதே தாளத்தில் துடுப்புப் போட்டுத் திசையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எடை அதிகம் உள்ளவர் பொதுவாகப் பின்னால். முன்னால் இருப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது என்பதால், திசை தப்பியதற்கு அவரைத் திட்டிப் பயனில்லை. புதுமணத் தம்பதிகள் இதை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்வது நல்லது, ஆற்றில் குரல் தூரம் வரை கேட்கும்.

தண்ணீரில் விழுவது பெரும்பாலும் அலையால் இல்லை. பக்கத்துக் கயாக்கில் இருக்கும் நண்பரைக் கைப்பிடித்து செல்ஃபி எடுக்கப் போய் இரண்டும் சாயும், இல்லையென்றால் தாழ்வாக நீட்டியிருக்கும் கிளையைப் பிடித்துக்கொள்வார்கள், ஆள் கிளையோடு நிற்பார், படகு மட்டும் அடியில் நழுவிப் போகும். கிளை வந்தால் முன்னே குனியுங்கள், பிடிக்காதீர்கள். விழுந்துவிட்டால் கயாக்கை விடாதீர்கள், அது மூழ்காது. கரை கிட்டே தெரிகிறதே என்று நீந்தவும் வேண்டாம், எழுந்து நிற்கவும் வேண்டாம், சேற்றில் கால் மாட்டும். மல்லாந்து மிதந்தபடி படகைப் பிடித்துக்கொண்டு வழிகாட்டி வரும்வரை இருங்கள். மேலே மூடாத கயாக்தான் இங்கே கொடுப்பார்கள், அதில் கால் சிக்கிக்கொள்ளாது. குறுக்காக வயிற்றை வைத்துப் படுத்து, பிறகு புரண்டு உட்கார்ந்து ஏறிவிடலாம்.

இன்னொன்று, இந்த ஆறு சுற்றுலாவுக்கு முன்பே மீனவர்களுடையது. தெர்மாகோல் துண்டுகளோ பிளாஸ்டிக் பாட்டில்களோ வரிசையாக மிதந்தால் கீழே வலை இருக்கிறது, சுற்றிப் போங்கள். துடுப்பில் வலை மாட்டி ஓர் இழை அறுந்தாலும் அது ஒருவருடைய அன்றைய வருமானம். ஃபைபர் படகு வந்தால் வழிவிட்டு ஒதுங்கி, அது கிளப்புகிற அலைக்கு நேராகக் கயாக்கின் மூக்கைத் திருப்புங்கள், பக்கவாட்டில் வாங்கினால்தான் கவிழும். கொக்கும் நீர்க்காகமும் உட்கார்ந்திருக்கும் மரத்துக்கு அடியில் போய்க் கத்தாதீர்கள்.

கூட்டம் இல்லாத இடம் வேண்டும் என்பவர்கள் கடலூர் மாவட்டத்தில் பிச்சாவரம் பக்கம் போவதுண்டு, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. அங்கே ஓடைக்குள் ஓடை பிரியும், எல்லாத் திருப்பமும் ஒரே மாதிரி இருக்கும். வழிகாட்டியை முந்திக்கொண்டு போவது எங்கேயும் தவறு, அங்கே பெரிய தவறு.

கடைசியில் கரை தட்டும்போது கவனம். கயாக்கின் மூக்கு மணலைத் தொட்ட உடனே எழுந்து நிற்பார்கள், பின்பாதி இன்னும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும், இரண்டு மணி நேரம் மடங்கியிருந்த கால் மரத்துப்போயிருக்கும், முழங்கால் அளவு தண்ணீரில் தொப்பென்று விழுவார்கள், அதுவரை பத்திரமாக இருந்த போனோடு. வழிகாட்டி படகைப் பிடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள். துடுப்பை முதலில் கொடுத்துவிட்டு, இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு, தரை தட்டுகிறதா என்று பார்த்து அப்புறம் எழுந்திருங்கள்.