பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஊர்கிறதா? கைவைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் அண்ணன் படித்து முடித்துத் தம்பிக்கு வந்த லேப்டாப், அலுவலகத்தில் கழித்துவிட்டதை மலிவாக வாங்கிய லேப்டாப் என்று எத்தனையோ மெஷின்கள் அதற்குப் பிறகு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறியிருக்கின்றன. ஆளுக்கு ஒரு மாடல் என்றாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: மூன்றாம் நான்காம் தலைமுறை கோர் ஐ3 அல்லது ஐ5, 4 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். "லினக்ஸ் போட்டால் பறக்கும் என்றார்களே, இது இன்னும் நகரவே மாட்டேன் என்கிறதே" என்ற புலம்பலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

புலம்பல் ஒன்றாக இருந்தாலும் காரணம் ஒன்றல்ல. ரேம் போதாமல் இருக்கலாம், டிஸ்க் சாகக் கிடக்கலாம், சூட்டில் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்திருக்கலாம், பிரவுசரே மொத்தத்தையும் விழுங்கியிருக்கலாம். எது என்று பார்க்காமல் கைவைப்பதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது.

லினக்ஸை மாற்றிக்கொண்டே இருப்பது

லினக்ஸில் பல வகை உண்டு. மிண்ட் மெதுவாக இருக்கிறது என்று லுபுண்டு, அதுவும் சரியில்லை என்று ஆன்டிஎக்ஸ். ஒவ்வொரு முறையும் பாதி நாள் போகும், முதல் அரை மணி நேரம் வேகமாகத் தெரியும், அவ்வளவுதான். கனமான டெஸ்க்டாப்புக்கும் (திரையில் தெரியும் மெனு, ஜன்னல் அமைப்பு) லேசான டெஸ்க்டாப்புக்கும் ரேமில் உள்ள வித்தியாசம் சில நூறு எம்பி. குரோமில் பத்து டேப் திறந்தால் அந்த மிச்சம் காணாமல் போய்விடும். டிஸ்க் பழுதென்றால் எந்த லினக்ஸும் அதே வேகத்தில்தான் ஊரும்.

2 ஜிபி ரேமில் கேனோம் என்ற கனமான டெஸ்க்டாப் ஓடுகிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். லேசான டெஸ்க்டாப்களான எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி இரண்டில் ஒன்று போதும். ஆனால் 'ரேம் குறைவு, அதனால் 32 பிட் போடுகிறேன்' என்று 64 பிட் சிப்பில் 32 பிட் லினக்ஸ் போடுவது முட்டுச்சந்து. 2025-இல் வந்த டெபியன் 13-இலேயே 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலர் கிடையாது. பிரவுசர்களும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தி வருகின்றன.

"ரேம் நிறைந்துவிட்டது" என்று தப்பாகப் படிப்பது

டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) 'ஃப்ரீ -எச்' கொடுத்தால் வரும் வரிசையில் எல்லாருடைய கண்ணும் 'ஃப்ரீ' என்ற கட்டத்துக்குத்தான் போகிறது. 150 எம்பி என்று இருக்கும், மனசு பதறும். பார்க்க வேண்டியது கடைசிக் கட்டம், 'அவைலபிள்'. சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் டிஸ்க்கில் படித்த ஃபைல்களை வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும். புரோகிராம் ஏதாவது கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். இது தெரியாமல் மணிக்கொரு முறை இப்படி ரேமில் வைத்த ஃபைல்களை, அதாவது கேஷைக் காலி செய்ய ஸ்கிரிப்ட் எழுதி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். காலியானது எல்லாவற்றையும் மறுபடி டிஸ்க்கிலிருந்து படித்தாக வேண்டும், அதனால் மெஷின் இன்னும் மெதுவாகும். 'கிளீனர்' என்று வரும் ஆப்களும் பெரும்பாலும் இதே வேலையைத்தான் அழகாகச் செய்கின்றன.

உண்மையான பற்றாக்குறையைக் கண்டுபிடிக்க 'விஎம்ஸ்டாட் 1' கொடுத்து, வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே ஒரு நிமிடம் பாருங்கள். முதல் வரி மெஷின் ஆன் ஆனதிலிருந்து எடுத்த சராசரி, அதை விட்டுவிடுங்கள். ரேமுக்கும் டிஸ்க்குக்கும் இடையே தகவல் போய்வருவதைக் காட்டும் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' கட்டங்களில் எண்கள் விடாமல் ஓடினால் ரேம் போதவில்லை. இரண்டும் சைபராகவே நின்று, சிப் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் சதவீதமான 'டபிள்யூஏ' மட்டும் உயர்ந்தால் பிரச்சனை டிஸ்க்கில். நான்கு திரெட் (ஒரே நேரத்தில் வேலை ஓடும் தடம்) உள்ள சிப்பில் அந்தக் கட்டம் 25 காட்டினாலே ஒரு திரெட் முழுக்க டிஸ்க்குக்காகக் காத்து நிற்கிறது என்று பொருள். 25 சதவீதம்தானே என்று விட்டுவிடக் கூடாது.

ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையான லோட் ஆவரேஜைப் பார்த்து சிப்பைப் பழிப்பதும் இதே ரகம். லினக்ஸில் அந்த எண்ணுக்குள் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் புரோகிராம்களும் அடக்கம். லோட் 6 என்று இருக்கும், எச்டாப் என்ற கண்காணிப்புக் கருவியில் சிப் சும்மா உட்கார்ந்திருக்கும். அப்படித் தெரிந்தால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள்.

சாகக் கிடக்கும் டிஸ்க்கை வேலை வாங்குவது

எல்லாத் தவறிலும் விலை அதிகம் இதற்குத்தான். சாயங்கால இடிமழையில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், பேட்டரி செத்த லேப்டாப்பை ஒயரிலேயே ஓட்டினால் ஹார்ட் டிஸ்க் திடீர் திடீரென்று நின்று அடிவாங்கும். கெட்ட இடத்தைப் படிக்க முடியாமல் டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும்போது மெஷின் முழுதும் சில விநாடிகள் உறையும். மௌஸ் நகரும், எதுவும் திறக்காது, பிறகு எல்லாம் ஒரேயடியாகத் திறக்கும். இந்த உறைதல்தான் அடையாளம்.

'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' பேக்கேஜைப் போட்டு 'ஸ்மார்ட்சிடிஎல்' மூலம் டிஸ்க்கின் அறிக்கையை எடுங்கள். மேலே 'பாஸ்ட்' என்று வருவதை நம்பி மூடிவிடாதீர்கள். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கும் அந்தப் பரீட்சையில் பாஸாகும். கீழே உள்ள பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண்களின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். 5 என்பது டிஸ்க் ஏற்கெனவே மாற்றிவிட்ட இடங்கள், 197 மாற்றக் காத்திருப்பவை, 198 படிக்கவே முடியாதவை. 197-இல் சைபரைத் தாண்டி எது இருந்தாலும் அன்றைக்கே படங்களையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள். 199 மட்டும் ஏறுகிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் கேபிள். கழற்றி மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

இந்த நிலையில் 'ரிப்பேர்' செய்கிறேன் என்று ஃபைல் அமைப்பைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டுவது, அதுவும் டிஸ்க் மவுண்ட் ஆகி உபயோகத்தில் இருக்கும்போதே ஓட்டுவது, மிச்சம் இருப்பதையும் கெடுக்கும் வழி. முதலில் காப்பி. டிஸ்க்கை அப்படியே காப்பி எடுக்கும் சாதாரண 'டிடி' கட்டளை முதல் பிழையிலேயே நின்றுவிடும். 'டிடிரெஸ்க்யூ' முதலில் நல்ல பகுதிகளை அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்; அதையே பயன்படுத்துங்கள்.

டிஸ்க் நலமாக இருந்தாலும் 5,400 சுற்று டிஸ்க்கைச் சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டியாக மாற்றுவதுதான் இந்த வயது லேப்டாப்புக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி. ஹார்ட் டிஸ்க் ஒரு விநாடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கக்கூடியது ஏறக்குறைய நூறு தடவை. சாட்டா என்ற வழக்கமான இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டி பல்லாயிரம் தடவை படிக்கும். 'என் மெஷினில் இருப்பது பழைய, மெதுவான சாட்டா 2 தானே' என்று தயங்க வேண்டாம், வித்தியாசம் அதிலும் நன்றாகவே தெரியும். வாங்கும்போது 2.5 அங்குலம் என்று கேளுங்கள். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் என்றால் உள்ளே ஆடும். கூட வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ளலாம்.

மாற்றிய பிறகு ஒரு பொறி காத்திருக்கிறது. பழைய டிஸ்க்கின் ஸ்வாப் பகுதியை (ரேம் போதாதபோது தகவலை வைக்கும் இடம்) விட்டுவிட்டுக் காப்பி எடுத்திருந்தால், ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் மெஷின் 90 விநாடி எதற்கோ காத்திருக்கும். எஸ்எஸ்டி கெட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் ஆன் ஆகும்போது இணைக்க வேண்டிய பகுதிகளின் பட்டியலான 'எஃப்எஸ்டேப்' ஃபைலைத் திறந்து பாருங்கள். இல்லாத ஸ்வாப்பின் யூயூஐடி (அடையாள எண்) அங்கே உட்கார்ந்திருக்கும். அந்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டால் போதும்.

சூட்டை மறப்பது

செம்பனை லோரி ஓடும் செம்மண் சாலை ஓரத்து வீடுகளில் லேப்டாப்புக்குள் சேரும் தூசி பஞ்சு போல இருக்காது. ஈரக்காற்றில் ஊறி, செந்நிறத் தகடாக இறுகிவிடும். அது சேரும் இடம் விசிறியின் இறக்கை அல்ல. விசிறிக்கும் செம்புத் துடுப்புகளுக்கும் நடுவில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு விரல்கடை இடைவெளியில் அது படிந்திருக்கும். வெளித்துளையில் காற்றை ஊதினால் அந்தத் தகடு இன்னும் உள்ளே தள்ளப்படும். அடி மூடியைக் கழற்றி, விசிறியைத் தனியே எடுத்து, தகட்டை இடுக்கியால் உரித்தெடுப்பதே வழி. காற்று ஊதும்போது இறக்கை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறான வேகத்தில் சுழன்றால் பேரிங் கெடும்.

வெப்பத்தைப் பார்க்க 'எல்எம்-சென்சார்ஸ்' இருக்கிறது. பெரும்பாலான இன்டெல் லேப்டாப் சிப்களுக்கு வரம்பு 100 அல்லது 105 டிகிரி. அதைத் தொட்டதும் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். 'டிமெசேஜ்' பதிவில் 'த்ராட்டில்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். சுத்தம் செய்த பிறகும் 95-க்குக் கீழே வரவில்லை என்றால் காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். ஒரு அரிசி மணி அளவு போதும்.

சூடே இல்லை, ஆனால் சிப் 800 அல்லது 1,200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டவே மாட்டேன் என்கிறதா? டெல் லேப்டாப் என்றால் சார்ஜரைப் பாருங்கள். டெல் சார்ஜரின் முனையில் நடுவே இருக்கும் மெல்லிய ஊசி, சார்ஜர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்லும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மலிவுச் சார்ஜரிலோ, ஊசி வளைந்த அசல் சார்ஜரிலோ அந்தச் செய்தி போய்ச் சேராது. லேப்டாப் பேட்டரியை ஏற்றாமல், சிப்பையும் அடிமட்ட வேகத்தில் கட்டிப் போடும். லினக்ஸ் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் அடாப்டர் வகை 'அன்னோன்' என்று இருக்கும். லினக்ஸை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் இது தீராது.

இன்னொன்று: சிப்பின் வேகத்தை முடிவு செய்யும் கவர்னர் 'பவர்சேவ்' என்று காட்டுவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். 'இன்டெல் பிஸ்டேட்' டிரைவரில் அந்தப் பெயர் இருந்தாலும் தேவைக்கேற்ப வேகம் ஏறும். பெயரைப் பார்க்காமல் வேகத்தைப் பாருங்கள்.

ஸ்வாப்பினெஸைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது

இணையத்தில் பார்க்கும் முதல் அறிவுரையே 'ஸ்வாப்பினெஸ் 60-ஐ 10 ஆக்கு'. லினக்ஸ் எவ்வளவு ஆவலாக ஸ்வாப்பைப் பயன்படுத்தும் என்பதற்கான எண் அது. 4 ஜிபி மெஷினில் இது பல நேரம் எதிர்வினை செய்யும். ஸ்வாப் செய்யாதே என்று லினக்ஸின் மையமான கர்னலைத் தடுத்தால், இடத்துக்காக அது ஃபைல் கேஷை வெளியேற்றும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் கோடும் அதற்குள்தான் இருக்கிறது. வெளியேற்றியதை அடுத்த விநாடியே டிஸ்க்கிலிருந்து திரும்பப் படிக்க வேண்டிவரும்.

இசட்ரேம் இதைவிட உருப்படியானது. டிஸ்க்குக்குப் போக வேண்டிய பக்கங்களை (ரேமில் உள்ள தகவல் துண்டுகளை) ரேமின் ஒரு பகுதியிலேயே சுருக்கி வைக்கும். வழக்கமாகப் பாதி, அல்லது அதற்கும் கீழே சுருங்கும். ஃபெடோரா 33-இலிருந்து அது தானாகவே ஆனில் இருக்கிறது. டெபியன், உபுண்டு வகைகளில் 'இசட்ரேம்-டூல்ஸ்' போட்டு, அதன் கான்ஃபிக் ஃபைலில் சதவீதத்தை 50, அல்காரிதத்தை 'இசட்எஸ்டிடி' என்று வையுங்கள். இதேபோல் சுருக்கி வைக்கும் இசட்ஸ்வாப் ஏற்கெனவே ஓடினால் அதை நிறுத்திவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் காலை ஒன்று வாரும்.

ரேமே வாங்கப் போகிறீர்கள் என்றால், ஈப்போ வரை போய் ஏமாந்து திரும்பாமல் இருக்க, உள்ளே இருக்கும் ரேமின் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். நான்காம் தலைமுறை கோரிலிருந்து 1.35 வோல்ட் டிடிஆர்3எல் தேவை. ஸ்டிக்கரில் 'பிசி3எல்' என்று இருக்கும். 1.5 வோல்ட் 'பிசி3' செருகினால் பல மெஷின்கள் ஆனே ஆகாது. மூன்றாம் தலைமுறை இரண்டையும் ஏற்கும், ஆகவே சந்தேகம் என்றால் 'எல்' வாங்குவதே பத்திரம். தனி கிராஃபிக்ஸ் இல்லாத மெஷினுக்கு ஒரே 8 ஜிபியைவிட இரண்டு 4 ஜிபி நல்லது. இரண்டு சேனலும் வேலை செய்யும்.

யூடியூப் திணறினால் இணையத்தைத் திட்டுவது

வீடியோ விட்டு விட்டு ஓடுகிறது, விசிறி அலறுகிறது என்றால் வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நேர்ட்ஸ்' திறவுங்கள். வீடியோவைச் சுருக்கிய முறையைச் சொல்லும் கோடெக் வரியில் விபி09 அல்லது ஏவி01 என்று இருந்தால், மூன்றாம் தலைமுறை இன்டெல் கிராஃபிக்ஸால் அதை நேரடியாகப் பிரிக்க முடியாது. சிப்பே மூச்சிரைக்கப் பிரிக்கிறது. 'எச்264ஃபை' எக்ஸ்டென்ஷனைப் போட்டால் யூடியூப் ஏவிசி1 வடிவத்தில் அனுப்பும். அதோடு 720பி-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். 14 அங்குலத் திரையில் பெரிய நஷ்டம் இல்லை.

பள்ளிகளின் இணையப் பாடத் தளமான டெலிமாவில் பாடம், வாட்ஸ்அப் வெப், மெயில் மூன்றும் எப்போதும் திறந்தே கிடக்கும் வீடுகளில் ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் 'அபவுட்:பிராசஸஸ்' போட்டுப் பாருங்கள். எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று வரிசையாகச் சொல்லும், அங்கேயே மூடிவிடலாம்.

ஆன் ஆக நேரமாகிறது என்று, எந்தச் சேவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' பட்டியலில் மேலே இருப்பதை எல்லாம் நிறுத்துவதும் வேண்டாம். அவை ஒரே நேரத்தில் ஓடுபவை. உண்மையில் யார் யாரைத் தடுக்கிறார் என்பதை அதே கருவியின் 'கிரிட்டிக்கல்-செயின்' காட்டும். 'மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்' என்று கர்னலுக்குச் சொன்னால் பழைய சிப்பில் கொஞ்சம் வேகம் கிடைப்பது உண்மைதான். ஆனால் அது 2018-இல் வெளிவந்த ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற சிப் பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் போட்ட தாழ்ப்பாளைக் கழற்றுவது. பேங்க் கணக்கையும் வருமான வரி இ-ஃபைலிங்கையும் திறக்கும் மெஷினில் அதைச் செய்யக் கூடாது.

2 ஜிபி ரேமும் 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பும் போர்டிலேயே பற்றவைத்து வந்த ஆட்டம் நெட்புக்குக்குப் பணம் செலவழிக்காதீர்கள். எதையும் மாற்ற முடியாது, இன்றைய இணையத்தை அது தாங்காது. எக்ஸ்எஃப்சிஇ போட்டு, பிரவுசரை மறந்துவிட்டு, லிப்ரேஆஃபீஸில் தட்டச்சுக்கும் பிரிண்டருக்கும் விட்டுவிட்டால் இன்னும் சில வருஷம் ஓடும்.