டெஸ்லா காயிலுக்குக் கெப்பாசிட்டர்: அமெரிக்கக் கணக்கு டர்பனில் செல்லாது

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டுக் கராஜில்தான் என் முதல் டெஸ்லா காயிலைக் கட்டினேன். மிக உயர்ந்த வோல்டேஜை உண்டாக்கி மின்பொறிகளைப் பறக்கவிடும் கருவி அது. நான் செய்த தவறு இது: மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரை அமெரிக்க அட்டவணையைப் பார்த்து வாங்கினேன். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், தென்னாப்பிரிக்காவில் 50. நியான் போர்டுக்கான 15,000 வோல்ட், 30 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்பார்மரோடு கெப்பாசிட்டர் ஒத்ததிர்வுக்கு, அதாவது இரண்டும் மின்சாரத்தின் ஹெர்ட்ஸோடு ஒத்து ஊசலாடும் நிலைக்கு வரும் அளவு அங்கே 5.3 நானோ ஃபாரட் (கெப்பாசிட்டரின் அளவைச் சொல்லும் அலகு), இங்கே சுமார் 6.4. ஒத்ததிர்வில் இருக்கும்போது ஸ்பார்க் கேப்பில், அதாவது பொறி தாவுவதற்கான இடைவெளியில், பொறி விழத் தவறினால் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். கெப்பாசிட்டரும் போய்விடும், டிரான்ஸ்பார்மரும் போய்விடும். அதனால்தான் ஒத்ததிர்வு அளவைப்போல் ஒன்றரை மடங்கு வைக்கிறார்கள். அங்கே அது 8. அதே 8 இங்கே ஒன்றேகால் மடங்குதான். நமக்கு வேண்டியது 9.5க்குப் பக்கத்தில்.

அடுத்தது வோல்டேஜ். 15,000 என்பது ஏசி அளவு. அதன் உச்சம் 21,200 வோல்ட். கெப்பாசிட்டர் மேல் அச்சிட்ட 2000 வோல்ட் டிசி கணக்கு. பத்தைத் தொடராகக் கோத்தால் 20,000 ஆயிற்றே என்று நினைத்தேன். மூன்றாம் நாள் நடுவில் இருந்த ஒன்றின் உறை பிளந்து, பக்கவாட்டில் கரிய ஓட்டை விழுந்திருந்தது. இப்போது 0.15 மைக்ரோ ஃபாரட், 2000 வோல்ட் கெப்பாசிட்டர் பதினாறைத் தொடராக வைக்கிறேன். தொடரில் அளவு பதினாறில் ஒரு பங்காகும், வோல்டேஜ் பதினாறு மடங்காகும்: 9.4 நானோ ஃபாரட், 32,000 வோல்ட். செலவு கூடத்தான், ஆனால் தாங்குகிறது.

பாலிப்ரோப்பிலீன் வகையே வாங்குங்கள். பாலியெஸ்டர் சூடேறும். மலிவான செராமிக் வட்டுகள் பலவற்றில் சூட்டாலும் வோல்டேஜாலும் அளவே மாறிவிடும். மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கழற்றியதும் வேண்டாம். அது 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. டெஸ்லா காயிலில் ஓடுவதோ லட்சக்கணக்கான ஹெர்ட்ஸ்.

அப்புறம், நிறுத்திய பிறகு மிஞ்சும் சார்ஜ் வடிந்துபோக, ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் குறுக்கே ரெசிஸ்டர் கட்டாயம். வரிசையின் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நடுவில் உள்ளவை ஒன்றுக்கொன்று எதிராகச் சார்ஜை வைத்திருக்கலாம். பலர் ஒரே அரை வாட் ரெசிஸ்டரைப் போடுகிறார்கள். சாதாரண அரை வாட் தாங்குவது 350 வோல்ட் அளவுதான். இங்கே ஒவ்வொன்றின் மீதும் 1300க்கு மேல் விழும். 2.2 மெகா ஓம் ஐந்தைத் தொடராகப் போட்டால் சரி.

டர்பன் காற்றில் கடல் ஈரம் உண்டு. கூரான கம்பி முனைகளிலிருந்து மின்சாரம் சீறிக் கசியும். பற்றவைக்கும் ஈயத்தை உருண்டையாக வையுங்கள், மரப்பலகை வேண்டாம், அக்ரிலிக் போடுங்கள். ஸ்பார்க் கேப்பை டிரான்ஸ்பார்மருக்கு நேர் குறுக்கே கட்டுங்கள். கெப்பாசிட்டர் காயிலின் பிரைமரி (முதல்) சுருளோடு தொடராக இருக்கட்டும்.

டிபி போர்டில் (வீட்டு மின் பலகையில்) மின்கசிவு கண்டால் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் இருக்கிறதே என்ற தைரியம் மட்டும் வேண்டவே வேண்டாம். டிரான்ஸ்பார்மரின் உயர் வோல்டேஜ் பக்கம் உங்கள் உடலில் பாயும் மின்சாரம் அதன் கண்ணில் படாது. பிளக்கைப் பிடுங்கி, அரை நிமிடம் நின்று, எர்த் செய்த கம்பியை நீளமான பிவிசி குழாயில் கட்டி, பதினாறு கெப்பாசிட்டர்களையும் ஒவ்வொன்றாக, அதனதன் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.