பைக் வீல் பேரிங் மாற்றுவது எப்படி: நடுவில் இருக்கும் அந்த ஸ்பேசரை விட்டுவிடாதீர்கள்

நான் பழைய வண்டி ஒன்று வாங்கியபோது முன் சக்கரம் நாற்பதைத் தாண்டினாலே உறுமியது. கழற்றிப் பார்த்தால் இரண்டு பேரிங்கும் (உள் ரிங்குக்கும் வெளி ரிங்குக்கும் நடுவில் குண்டுகள் உருளும் பாகம்) இருக்கின்றன, அவற்றுக்கு நடுவில் இருக்க வேண்டிய இரும்புக் குழாயை மட்டும் காணோம். முன்பு பேரிங் மாற்றியவர்கள் அதைத் திரும்பப் போடவே இல்லை. ஆக்சில் (சக்கரத்தின் நடுவே போகும் கம்பி) நட்டை முழுதாக முறுக்கினால் சக்கரம் சுற்றாமல் இறுகுகிறது என்று நட்டையும் அரைகுறையாக விட்டிருந்தார்கள். அந்த வண்டியில்தான் நான் வீடு வரைக்கும் ஓட்டி வந்தேன் என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது.

அந்தக் குழாய்தான் ஸ்பேசர். ஆக்சில் நட்டை முறுக்கும்போது அந்த அழுத்தம் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலிருந்து வெளிக் காலருக்கும் (ஆக்சிலில் கோத்த சிறு வளையம்), அங்கிருந்து பேரிங்கின் உள் ரிங்குக்கும், ஸ்பேசர் வழியாக மறுபக்க உள் ரிங்குக்கும் போகிறது. இவை எல்லாம் சேர்ந்து ஒரே கம்பி மாதிரி அசையாமல் நிற்க, ஹப்பும் (பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுப்பகுதி) பேரிங்கின் வெளி ரிங்கும் மட்டும் சுற்றும். ஸ்பேசர் இல்லாவிட்டால் இரண்டு உள் ரிங்கும் ஒன்றை நோக்கி ஒன்று இழுபட்டு, குண்டுகள் பள்ளத்தின் ஓரத்தில் நசுங்கும். புது பேரிங் போட்டாலும் சீக்கிரமே போய்விடும்.

முதலில் பேரிங்தான் பிரச்சினையா என்று பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரம் தரையைத் தொடாதபடி வைத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லொட லொட என்று ஆடினால், இன்னொருவரை ஃபோர்க்கைப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். அப்போதும் ஆடினால் வீல் பேரிங், நின்றுவிட்டால் பெரும்பாலும் ஹேண்டில் பக்கத்து கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்).

பேரிங் வாங்க வண்டிப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள், பழையதைத் துடைத்து அதிலிருக்கும் எண்ணைப் பாருங்கள். 6301 என்றால் உள் ஓட்டை 12 மி.மீ., வெளி விட்டம் 37, அகலம் 12. 6202 என்றால் 15, 35, 11. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உண்டு. மழை, சேறு எல்லாம் படும் சக்கரத்துக்கு நான் அதைத்தான் போடுவேன். பேரிங்குக்கு வெளியே தண்ணீரும் தூசியும் புகாமல் தடுக்கும் ஆயில் சீலையும் கூடவே புதிதாக வாங்கிவிடுங்கள்.

சக்கரத்தைக் கழற்றும்போது எந்தக் காலர் எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் சீலை நெம்பி எடுத்து, சர்க்ளிப் (பேரிங் நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையம்) இருந்தால் அதையும் எடுங்கள். அப்புறம் ஒரு நீளமான கம்பியை உள்ளே விட்டு ஸ்பேசரைச் சற்று ஓரமாகத் தள்ளினால் எதிர்ப்பக்க பேரிங்கின் உள் ரிங் விளிம்பு தெரியும். அதில் ஒரு அடி, நேர் எதிரே ஒரு அடி என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒரே இடத்தில் அடித்தால் சாய்ந்து சிக்கிக்கொள்ளும். இப்படி எடுத்த பேரிங்கைத் திரும்பப் போடக் கூடாது, உள் ரிங்கில் விழுந்த அடி குண்டுகளின் பள்ளத்தில் தடம் பதித்திருக்கும்.

இனி புதியதைப் போடலாம். பேரிங்கை முந்தின நாள் இரவே கவரோடு ஃப்ரீசரில் வையுங்கள். ஹப்பை ஹாட் ஏர் கன்னால், கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால், நேராக வைத்தால் லேசான தட்டிலேயே இறங்கும். தட்டும்போது அடி வெளி ரிங்கில் மட்டும்தான் விழ வேண்டும். அந்த ரிங்கின் அளவுக்குச் சரியான சாக்கெட்டை வைத்துத் தட்டுங்கள். உள்ளே அடிமட்டத்தில் உட்கார்ந்ததும் டக் டக் சத்தம் மாறி கணீரென்று கேட்கும், அங்கே நிறுத்துங்கள்.

எந்தப் பக்கம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

இப்போது சக்கரத்தைத் திருப்பி, ஸ்பேசரைத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி உள்ளே விடுங்கள். இதை மறந்துவிட்டு இரண்டாவது பேரிங்கை அடித்துவிட்டால் மறுபடி எல்லாம் முதலிலிருந்து. இரண்டாவது பேரிங் போடும்போதுதான் பொறுமை வேண்டும். பல வண்டிகளில் ஸ்பேசர், ஹப்புக்குள் பேரிங்குகள் உட்காரும் இரண்டு படிகளுக்கு நடுவிலான தூரத்தைவிட ஒரு துளி நீளமாக இருக்கும். அதனால் இந்தப் பேரிங்கை அடிமட்டம் வரை அடிக்காமல், உள் ரிங் ஸ்பேசரைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். நாலு தட்டுக்கு ஒருமுறை ஆக்சிலை உள்ளே விட்டு ஸ்பேசர் நேராக இருக்கிறதா என்று பாருங்கள், விரலை விட்டு அதை அசைத்தும் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் இன்னும் இறங்க வேண்டும். விரலால் அழுத்தித் தள்ளினால் மட்டும் நகர்கிறது, உள் ரிங்கும் தடையில்லாமல் வழுவழுப்பாகச் சுற்றுகிறது என்றால் சரி.

சீலின் உதட்டில் கிரீஸ் தடவி உட்காரவைத்து, சக்கரத்தை மாட்டி, நட்டை மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கும் விசையின் அளவு) முறுக்குங்கள். முழுதாக முறுக்கிய பிறகும் சக்கரம் முன்போலவே தாராளமாகச் சுற்ற வேண்டும். பிரேக் உரசாமலே இறுகினால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்காதீர்கள், கழற்றி ஸ்பேசரைப் பாருங்கள். பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தெருவில் மெதுவாக ஒரு சுற்று போய் வாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் டயரைப் பிடித்து இன்னொரு முறை ஆட்டிப் பாருங்கள்.