வலைப்பதிவு ஓடைகள்: வாசிக்க அமைத்துக்கொள்வதும், உங்கள் ஓடை உடையாமல் காப்பதும்

ஒருவர் எழுதியது நம் கண்ணில் படுமா, எப்போது படும் என்பதை இன்று பெரும்பாலும் சமூக ஊடகங்களின் கணக்கீடுதான் முடிவு செய்கிறது. 1999 முதலே இதற்கு வேறொரு வழி இருக்கிறது. அது இன்றும் நன்றாக வேலை செய்கிறது. தளம் தன் புதிய பதிவுகளை ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில், அதாவது செயலிகள் படிப்பதற்கான குறிகளிட்ட கோப்பில், எழுதி வைக்கும். வாசகரின் செயலி அந்தக் கோப்பை அவ்வப்போது எடுத்துப் பார்த்து, புதிதாக வந்ததை மட்டும் காட்டும். தளத்தில் கணக்குத் திறக்க வேண்டாம், மின்னஞ்சல் முகவரி கொடுக்க வேண்டாம். அந்தக் கோப்புதான் ஓடை, அதாவது ஃபீட்.

நெட்ஸ்கேப் உலாவி நிறுவனத்தின் மை நெட்ஸ்கேப் முகப்பில் பிற தளங்களின் தலைப்புகளைக் காட்டுவதற்காக 1999 மார்ச்சில் ஆர்எஸ்எஸ் என்ற ஓடை வடிவத்தின் முதல் பதிப்பு வந்தது. அதை வடிவமைத்தவர்கள் சென்னை ஐஐடியில் படித்த ராமநாதன் குஹாவும் டான் லிபியும். அதே ஆண்டு ஆகஸ்டில் பிளாகர் என்ற வலைப்பதிவுச் சேவை வந்தது. 2000 டிசம்பரில் மென்பொருளாளர் டேவ் வைனர் வெளியிட்ட ஆர்எஸ்எஸ் 0.92 பதிப்பு, ஓடைக்குள் ஒலிக்கோப்பையும் இணைக்க இடம் கொடுத்தது. பாட்காஸ்ட் எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. பிறகு வடிவம் குறித்து நீண்ட சண்டை. ஒரு பக்கம் 2002-ல் ஆர்எஸ்எஸ் 2.0, இன்னொரு பக்கம் 2005 டிசம்பரில் இணையத் தரமாக வெளியான ஆட்டம் (Atom) என்ற வடிவம். வாசகராக நீங்கள் இதில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எல்லாச் செயலிகளும் இரண்டையும் படிக்கும்.

ஓடை வருவதற்கு முன், பிடித்த இருபது பக்கங்களையும் தினமும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அதனால் தினமும் எழுதுகிறவர்தான் நினைவில் நிற்பார். ஓடை வந்த பிறகு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதுகிறவரும் தொலைந்துபோவதில்லை. எழுதிய அன்றே வந்து சேர்கிறார். ஒருவருடைய பதிவுக்கு இன்னொருவர் தன் தளத்தில் எழுதும் பதிலும் அப்படியே சில மணி நேரத்தில் போய்ச் சேரும். 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், தமிழ்ப் பதிவுகளின் ஓடைகளை ஒரே பக்கத்தில் திரட்டியது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் வாசித்து வாதாட அது களமானது. பதிவரின் தளத்தில் ஓடை தானாகவே உருவாவதால்தான் இப்படி ஒரு திரட்டியே சாத்தியம்.

வாசிக்க அமைத்துக்கொள்வது

முதலில் செயலி. கைப்பேசியிலும் கணினியிலும் மாறி மாறி வாசிப்பவர் என்றால் ஃபீட்லி, இனோரீடர், நியூஸ்பிளர் போன்ற இணையச் சேவை ஒன்றில் சேருங்கள். படித்தது, படிக்காதது எல்லாக் கருவியிலும் ஒன்றாக இருக்கும். ஒரே கருவி போதும் என்றால் ஆப்பிள் கருவிகளுக்கு நெட்நியூஸ்வயர், ஆண்ட்ராய்டுக்கு ஃபீடர், கணினிக்கு தண்டர்பேர்ட்; மூன்றும் இலவசம். சொந்த வழங்கி (சர்வர்) வைத்திருப்பவர்கள் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் அல்லது மினிஃபிளக்ஸ் நிறுவிக்கொள்ளலாம்.

இணையச் சேவைக்கும் கருவியிலேயே இயங்கும் செயலிக்கும் நடுவே பலர் கவனிக்காத வேறுபாடு ஒன்று உண்டு. ஓடையில் எல்லாப் பதிவும் இருக்காது. கடைசிப் பத்தோ இருபதோதான் இருக்கும். ஒரு செய்தித்தளம் நாளுக்கு நாற்பது செய்தி போடுகிறது, அதன் ஓடையில் பத்துதான் நிற்கும், உங்கள் கைப்பேசிச் செயலி இரவில் ஒருமுறைதான் எடுக்கிறது என்றால், முப்பது செய்தி உங்களுக்கு வரவே வராது. இணையச் சேவை என்றால் உங்கள் கைப்பேசி அணைந்திருந்தாலும் அது எடுத்துக்கொண்டே இருக்கும். தனிநபர் பதிவுகளை மட்டும் தொடர்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்து ஓடையின் முகவரி. பெரும்பாலும் தளத்தின் முகப்பு முகவரியைச் செயலியில் ஒட்டினாலே போதும். பக்கத்தின் கண்ணுக்குத் தெரியாத மேற்குறிப்பில் ஓடை இருக்கும் இடம் எழுதப்பட்டிருக்கும், செயலி அதைக் கண்டுபிடித்துவிடும். கிடைக்கவில்லையா? வேர்ட்பிரஸ் தளம் என்றால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் ‘ஃபீட்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்திலும் சேருங்கள். சப்ஸ்டாக்குக்கும் இதே வழிதான். பிளாகர் என்றால் ‘ஃபீட்ஸ்’, ‘போஸ்ட்ஸ்’, ‘டிஃபால்ட்’ என்ற மூன்றையும் சாய்கோடு இட்டு வரிசையாகச் சேர்க்க வேண்டும். யூடியூப் சேனலுக்கும் ஓடை உண்டு. சேனல் பக்கத்தின் முகவரியை ஃபீட்லியிலோ இனோரீடரிலோ ஒட்டினால் எடுத்துக்கொள்ளும்.

வேர்ட்பிரஸில் இன்னும் இரண்டு வசதிகள் உண்டு. ஒருவர் அரசியலும் சமையலும் எழுதுகிறார், உங்களுக்குச் சமையல் மட்டும் வேண்டும் என்றால், அந்தப் பகுப்பின் பக்க முகவரிக்குப் பின்னால் ‘ஃபீட்’ சேருங்கள். ஒரே ஒரு பதிவின் முகவரிக்குப் பின்னால் சேர்த்தால் அந்தப் பதிவுக்கு வரும் மறுமொழிகள் மட்டும் ஓடையாக வரும். சூடான விவாதத்தைத் தொடர இதைவிட எளிய வழி இல்லை.

ஓடையின் முகவரியை உலாவியில் திறந்தால் வெறும் குறிகளாகத் தெரியும். தளம் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். ஓடையை அழகாகக் காட்டும் வசதியை ஃபயர்ஃபாக்ஸும் 2018 டிசம்பரில் 64ஆம் பதிப்போடு நீக்கிவிட்டது. முகவரியை நகலெடுத்துச் செயலியில் போடுங்கள், அவ்வளவுதான்.

கோப்புறை பிரிக்கும்போது தலைப்பு வாரியாகப் பிரிப்பதைவிட, தவறவிட்டால் எவ்வளவு வருந்துவீர்கள் என்பதை வைத்துப் பிரிப்பது பயன் தரும். ஒன்றுகூட விடக்கூடாதவர்கள் ஒரு கோப்புறை. செய்தித்தளங்கள் தனிக் கோப்புறை; அங்கே ஐந்நூறு சேர்ந்துவிட்டால் ‘அனைத்தும் படித்தது’ என்று ஒரே அழுத்தில் துடைத்துவிடுங்கள். அரிதாக எழுதுகிறவரின் ஓடையை நீக்கவே நீக்காதீர்கள். அது இடமும் அடைப்பதில்லை, நேரமும் கேட்பதில்லை.

2005-ல் தொடங்கிய கூகுள் ரீடரை 2013 ஜூலை 1 அன்று கூகுள் மூடியபோது கோடிக்கணக்கான சந்தாக்கள் இடம் மாற வேண்டியிருந்தது. மாற்றிக்கொண்டு போக உதவியது ஓபிஎம்எல் என்ற சிறு கோப்பு. எந்தச் செயலியிலும் ‘ஏற்றுமதி’ என்ற இடத்தில் இது கிடைக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் தளத்தின் பெயரும் ஓடை முகவரியும் கோப்புறையும்தான் இருக்கும். நீங்கள் நட்சத்திரமிட்ட பதிவுகள் வராது. அவற்றைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

உங்கள் பதிவின் ஓடை

வேர்ட்பிரஸில் அமைப்புகளுக்குள் ‘வாசிப்பு’ பக்கத்தைத் திறந்தால், ஓடையில் எத்தனை பதிவுகள் என்ற எண் (முன்னிருப்பு 10), முழுப் பதிவா சுருக்கமா என்ற தேர்வு, இரண்டும் இருக்கும். பிளாகரில் அமைப்புகளுக்குள் தளத்தின் ஓடைக்கான பகுதியில் இருக்கும். முழுப் பதிவையே கொடுங்கள். சுருக்கம் கொடுத்தால் தளத்துக்கு வருகை கூடும் என்ற கணக்கில் பலர் அதைத் தேர்கிறார்கள். ஓடையில் வாசிக்கிறவர்தான் உங்களை மறக்காமல் தொடர்கிறவர், சுட்டி கொடுத்துப் பதில் எழுதக்கூடியவரும் அவர்தான். அவரை ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்துவது நல்லதில்லை. வேர்ட்பிரஸின் தானியங்கிச் சுருக்கம் 55 சொற்களோடு நின்றுவிடும், பெரும்பாலும் முன்னுரைகூட முடிந்திருக்காது.

ஓடையில் ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பு, சுட்டி, அடையாளக் குறி, தேதி, உள்ளடக்கம் என ஐந்து பகுதிகள் இருக்கும். பெரும்பாலான தொல்லைகள் இவற்றில்தான் வருகின்றன.

அடையாளக் குறியை ஆர்எஸ்எஸில் ‘கைட்’ என்பார்கள். இது புதிய பதிவா பழையதா என்பதைச் செயலி இதை வைத்தே தெரிந்துகொள்கிறது. குறி மாறினால் பழைய பதிவு புதிதாகிவிடும். புதிய டொமைனுக்குப் போகும்போது தரவுத்தளம் முழுவதும் பழைய முகவரியைத் தேடி மாற்றுகிறோம் அல்லவா, அப்போது ‘கைட்’ நெடுவரிசையையும் சேர்த்து மாற்றிவிட்டால், மறுநாள் வாசகர் எல்லாருக்கும் உங்கள் கடைசிப் பத்துப் பதிவுகளும் மறுபடி போகும். தேடி மாற்றும்போது அந்த நெடுவரிசையை மட்டும் விலக்கிவிடுங்கள். அதில் பழைய முகவரி இருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. அது சுட்டி அல்ல.

தேதி. ஆர்எஸ்எஸில் கிழமையும் மாதமும் மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கமாகவே இருக்க வேண்டும், கடைசியில் நேர வித்தியாசம் +0530 என்று வர வேண்டும். சொந்தமாக நிரல் எழுதி ஓடை தயாரிப்பவர்கள், தளத்தின் மொழி தமிழாக இருப்பதால் ‘செப்டம்பர்’ என்று தமிழிலேயே தேதியை அச்சிட்டுவிடுவது உண்டு. செயலியால் அதைப் படிக்க முடியாது. பதிவு பட்டியலின் அடியில் போய் விழும், அல்லது இன்றைய தேதியில் தோன்றும். ஆட்டம் வடிவத்தில் தேதி எண்களால் ஆனது, +05:30 என்று முக்காற்புள்ளியோடு முடியும், மொழிச் சிக்கலே இல்லை. கையால் எழுதுவதானால் ஆட்டத்தையே எழுதுங்கள்.

சுட்டியில்தான் தமிழுக்கு அதிகத் தொல்லை. யூனிகோடில் ‘தமிழ்’ என்பது ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆக, அந்தச் சின்னச் சொல்லுக்கே 45 எழுத்து. பதிவின் முகவரித்துண்டுக்கு, அதாவது முகவரியில் அந்தப் பதிவைக் குறிக்கும் பகுதிக்கு, வேர்ட்பிரஸ் ஒதுக்குவது 200 எழுத்து. அதாவது 22 குறியீடுகள், மிஞ்சிப்போனால் மூன்று நான்கு சொற்கள். அதற்கு மேல் இருப்பதை வெட்டிவிடும். வெட்டு மெய்யெழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவில்கூட விழலாம். ஒரே சொற்களில் தொடங்கும் இரண்டு பதிவுகள் இருந்தால் இரண்டாவதன் வாலில் 2 என்று ஒட்டிக்கொள்ளும். வெளியிடும் முன்பே முகவரித்துண்டைக் கையால் சுருக்கி எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்கள் போதும்.

பிளாகரின் தொல்லை வேறு மாதிரி. தலைப்பில் இருக்கும் ஆங்கில எழுத்துகளைக் கொண்டுதான் அது முகவரியை அமைக்கும். முழுத் தமிழ்த் தலைப்பென்றால் ‘பிளாக் போஸ்ட்’ என்று போட்டு, பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும். அந்த முகவரியைப் பார்த்து எந்தப் பதிவென்று சொல்லவே முடியாது. எழுதும் பக்கத்தில் வலப்புறம் ‘நிரந்தர இணைப்பு’ என்ற இடத்தில் தனிப்பயனைத் தேர்ந்து, நீங்களே பெயரிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் அதற்குள் சுட்டி கொடுத்தவர்களின் இணைப்பு அறுந்துவிடும்.

உள்ளடக்கத்தில் கவனிக்க வேண்டியவை சில. எக்ஸ்எம்எல் கண்டிப்பானது, ஒரே ஒரு தவறான குறி இருந்தாலும் பல செயலிகள் ஓடை முழுவதையும் நிராகரித்துவிடும். ‘அண்ட்’ குறியை (&) அப்படியே விட்டால் உடையும். எச்டிஎம்எல்லில் சகஜமான ‘என்பிஎஸ்பி’ இடைவெளிக் குறிப்பை எக்ஸ்எம்எல் அறியாது. வேர்ட், பிடிஎஃப் கோப்புகளிலிருந்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளும் சேர்ந்து வரும்; எளிய உரைத்தொகுப்பியில் ஒருமுறை ஒட்டி, அங்கிருந்து எடுத்துப் போடுங்கள். அப்படியும் பிழை போகாமல் இருந்தால், உலாவி காட்டும் பிழைச் செய்தியில் உள்ள வரி எண்ணையும் இட எண்ணையும் பிடித்துக்கொண்டு தேட வேண்டியதுதான். திஸ்கி (யூனிகோடுக்கு முன் இருந்த தமிழ் எழுத்துக் குறியேற்றம்) காலத்துப் பழைய எழுத்துகளை மறுபதிப்பு செய்வதானால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

வேர்ட்பிரஸ் ஓடை திடீரென்று நின்று, ‘எக்ஸ்எம்எல் அறிவிப்பு கோப்பின் தொடக்கத்தில் இல்லை’ என்ற பொருளில் பிழை வந்தால், காரணம் அநேகமாக ஒரு வெற்று வரி. அண்மையில் நிறுவிய செருகுநிரலிலோ தீமின் ‘ஃபங்ஷன்ஸ்’ கோப்பிலோ, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் மூடுகுறிக்குப் பின்னால் ஒரு வரி காலியாக இருக்கும். அந்த மூடுகுறியையே எடுத்துவிடலாம். கோப்பு முழுக்க பிஎச்பி என்றால் அது தேவையில்லை. பாட் (தானாகத் தளத்துக்கு வந்து எடுக்கும் நிரல்) தடுப்புச் சேவை போட்டிருப்பவர்கள் ஓடையின் முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டும். வாசகச் செயலியும் ஒரு பாட்தான். 403, அதாவது அனுமதி இல்லை, என்று திருப்பி அனுப்பினால், உங்கள் தளம் உலாவியில் நன்றாகத் திறக்கும், வாசகருக்கு மட்டும் ஒன்றும் போகாது.

எதை மாற்றினாலும் டபிள்யூ3சி நடத்தும் ஓடைச் சரிபார்ப்புப் பக்கத்தில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பிழைகளைத் திருத்தியே ஆக வேண்டும். எச்சரிக்கைகளில் பலவற்றை விட்டுவிடலாம். உள்ளடக்கத்தில் படங்களின் முகவரி முழுமையாக இல்லை என்ற எச்சரிக்கையை மட்டும் விடாதீர்கள், சில செயலிகளில் படமே வராது. தளம் இடம் மாறினால் பழைய ஓடை முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பம் போட்டு, குறைந்தது ஓராண்டாவது வைத்திருங்கள்.

எழுதும்போது இரண்டு விஷயம். ஓடைப் பட்டியலில் உங்கள் தலைப்பு நூறு தலைப்புகளுக்கு நடுவே தனியாக நிற்கும். ‘சில எண்ணங்கள் - 14’ என்பதை யாரும் திறக்க மாட்டார்கள். எதைப் பற்றி என்பது தலைப்பிலேயே தெரிய வேண்டும். இன்னொருவருக்குப் பதில் எழுதினால் அவருடைய முகப்புக்குச் சுட்டி கொடுக்காமல், அந்தக் குறிப்பிட்ட பதிவுக்கே கொடுங்கள். நீங்கள் மறுக்கும் பத்தியையும் மேற்கோளாகப் போடுங்கள். வாசகர் இரு பக்கத்தையும் படித்து முடிவு செய்ய அப்போதுதான் முடியும்.

வெளியிட்ட பிறகு கருத்தையே மாற்றும் திருத்தம் செய்ய நேர்ந்தால், பழைய பதிவில் திருத்தினால் மட்டும் போதாது. பல செயலிகள், ஒருமுறை படித்த பதிவை மறுபடி காட்டுவதில்லை. பழைய பதிவின் தலையில் திருத்தக் குறிப்பு போட்டுவிட்டு, அதைச் சுட்டி ஒரு சிறு புதுப் பதிவும் எழுதுங்கள்.