லண்டன்ல இருந்து கோயமுத்தூருக்கு எத்தன மணி நேரமுங்க?

ஊருக்கு டிக்கெட் பாக்கறப்ப எல்லாரும் மொதல்ல கேக்கறது இதத்தான். நேர்கோட்டுல சுமார் 8,200 கிலோமீட்டர், ஆனா நேரடி ஃப்ளைட் கெடையாது, எங்கயாவது எறங்கி மாறித்தான் வரோணும், அதனால நீங்க எங்க எறங்கறீங்க, உங்க ஊரு எந்தப் பக்கம், இந்த ரெண்டயும் மொதல்ல யோசிச்சுட்டு அப்பறம் வெல பாருங்க.

கோயமுத்தூரு பீளமேடு ஏர்போர்ட்டுக்கு சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபில இருந்து நேரா ஃப்ளைட் வந்துட்டிருக்குது, ஷெட்யூல் அடிக்கடி மாறும், புக் பண்றப்ப ஒருக்கா பாத்துக்கங்க. லண்டன்–அபுதாபி சுமார் 5,500, அங்கிருந்து கோயமுத்தூர் ஒரு 2,800, கூட்டிப் பாத்தா சுத்து வழியே இல்லீங்க. வானத்துல இருக்கறது மொத்தம் 11 மணி நேரம் மாதிரி, மிச்சமெல்லாம் நடுவுல காத்திருக்கறதுதான். வயசானவங்க, கொழந்தைங்க கூட வர்றவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன், ஏன்னா இமிக்ரேஷன் முடிச்சு வெளிய வந்தா வீட்டு ஆளுக நிப்பாங்க.

சென்னை வழியா வந்தா அங்கயே இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் முடிச்சு பொட்டிய எடுத்து உள்நாட்டு ஃப்ளைட்டுக்கு மறுபடி போடோணும். முழுசும் ஒரே டிக்கெட்டா எடுங்க, இத கெஞ்சிக் கேட்டுக்கறேன். நான் ஒரு தடவ வெல கம்மின்னு தனித்தனியா எடுத்துட்டேன், வெளிநாட்டு ஃப்ளைட்ல 23 கிலோ பொட்டி ரெண்டு விட்டாங்க, உள்நாட்டுல 15 கிலோதான், மீதி 31 கிலோவுக்கும் கிலோ கணக்குல காசு கேட்டாங்க. கவுண்டர் முன்னாடி தரையில பொட்டிய தொறந்து, அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவோட அப்பாவுக்கு, வாங்குன ஸ்வெட்டர், ஷூவெல்லாம் கைப்பைல திணிச்சும் பத்தல, அழுகையே வந்துருச்சு. பொட்டி நெறைய இருந்தா பேசாம ரயிலேறுங்க. வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள்ள கோயமுத்தூர் போயிரும், ராத்திரின்னா சேரன், நீலகிரி இருக்குது, விடியக்காலைல ஊரு. ஈரோட்டுக்காரங்க நடுவுலயே எறங்கிக்கலாம், ஆனா ராத்திரி வண்டின்னா அலாரம் வெச்சுக்கங்க, ஈரோடு நடுச்சாமத்துக்கு மேல வரும்.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம்னா கொச்சியையும் பாருங்க. கொச்சி ஏர்போர்ட் இருக்கற நெடும்பாசேரில இருந்து திருச்சூர், பாலக்காடு வழியா பொள்ளாச்சி சுமார் 150 கிலோமீட்டர், முன்னெல்லாம் குதிரான் மேட்டுல மணிக்கணக்குல நிக்கோணும், 2021ல சுரங்கப்பாத தொறந்ததுக்கப்பறம் அந்தத் தொல்ல இல்ல. சேலம், நாமக்கல்லுக்கு பெங்களூரு சரிதான், ஆனா ஏர்போர்ட் தேவனஹள்ளில வடக்க இருக்குது, ஓசூர் ரோடு தெக்க, சாயங்கால நேரத்துல ஊரத் தாண்டறதுக்கே ரெண்டு மணி நேரம் ஆகும்.

டிக்கெட்ல போட்டிருக்கற நேரமெல்லாம் அந்தந்த ஊரு நேரம். லண்டன்ல வெயில் காலம்னா நம்மூரு அதவிட நாலரை மணி நேரம் முன்னாடி, குளிர்ல அஞ்சரை, அதனால மத்தியானம் ஏறுனா மறுநா தேதிலதான் எறங்குவீங்க, கார் சொல்லி வெக்கறப்ப தேதியச் சரியா சொல்லுங்க. திரும்பறப்ப இன்னும் கவனம் வேணும். 15ஆம் தேதி விடியக்காலை 3 மணிக்கு கொச்சில ஃப்ளைட்னு வெச்சுக்கங்க, 14ஆம் தேதி சாயங்காலம் வெளக்கு வெக்கறதுக்குள்ளயே தோட்டத்துச் சாளைய, அதான் தோட்டத்து வீட்ட, விட்டுக் கெளம்பிரோணும். 15ஆம் தேதிதானேன்னு 14 ராத்திரி அம்மிச்சி (அம்மாவோட அம்மா) கையால சாப்புட்டுப் படுத்துட்டா, ஃப்ளைட் போயிருக்குமுங்க.