நாவலாசிரியரிடம் "இதெல்லாம் நிஜமா?" என்று கேட்காதீர்கள்

தஞ்சை, குடந்தை, மன்னார்குடி, நாகை என எந்த ஊர் நூலகமானாலும் சரி, வாசகர் வட்டம் ஒரு சரித்திர நாவலாசிரியரை அழைத்தால் நாற்காலி போதாது. சோழர் கதையை இங்கே சொந்த வீட்டுக் கதையாக நினைக்கிறோம். கூட்டம் சுவைப்பதும் அதனால்தான், கெடுவதும் அதனால்தான்.

முதல் தவறு, "உங்கள் நாவலில் வருவதெல்லாம் நிஜமா?" என்ற கேள்வி. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அது அரைகுறைப் பதில்தான். ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். இராசராச சோழனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையையே எடுத்துக்கொள்வோம். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. "பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்" என்று சொல்லி சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் குறிப்பிடுகிறது. அவர்களின் உறவினர் வரை சொத்துப் பறிபோனதையும் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்பதைச் சொல்லவில்லை. நாவலாசிரியருக்குக் கிடைக்கும் இடம் அந்த மௌனம்தான். "கல்வெட்டு நின்ற இடத்திலிருந்து நீங்கள் ஏன் இந்தப் பக்கம் போனீர்கள்?" என்று கேட்டால் அவர் தன் பட்டறையையே திறந்து காட்டுவார்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: ஒருவர் கற்பனையை இன்னொருவர் தலையில் கட்டுவது. நந்தினியும் பூங்குழலியும் 'பொன்னியின் செல்வன்' தொடருக்காகக் கல்கி படைத்தவர்கள். அந்தத் தொடர் வந்தது 1950 முதல் 1954 வரை. இன்று எழுதுபவரிடம் "உங்கள் கதையில் நந்தினி ஏன் இல்லை?" என்று கேட்டால் பாவம், அவர் என்னதான் சொல்வார்?

வாட்ஸ்அப் வரலாற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது தவறு. வெயிலில் போய் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக்கல் என்பதும் அப்படித்தான். அது பல கற்களை இணைத்துச் செய்தது. இவற்றைத் திருத்துவதிலேயே பேச்சாளருக்குப் பத்து நிமிடம் போய்விடும். "எங்க ஊர்ப் பேரு சோழர் காலத்துப் பேருங்க, நாவல்ல ஏன் வரலை?" என்பதும் இதே ரகம். அந்த ஊர்க் கல்வெட்டின் படம் கையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் காட்டுங்கள். மகிழ்ந்து போவார்.

கேள்வி நேரம் 25 நிமிடம் என்று வையுங்கள். கேள்விக்கு இரண்டு, பதிலுக்கு மூன்று நிமிடம் என்றால் ஐந்து பேர்தான் கேட்க முடியும். ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொற்பொழிவாற்றினால் மூன்று பேர்தான். ஒரு துண்டுத்தாளில் இரண்டு வரிக்குள் எழுதி வாருங்கள். ஒருவருக்கு ஒரு கேள்வி. இதைவிட நேரத்தைத் தின்பது பொன்னாடை. பத்துப் பேர் தனித்தனியாகப் போர்த்திப் படம் எடுத்தால் கால் மணி நேரம் காலி. அமைப்பாளர்கள் ஒரே ஒரு பொன்னாடையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு வரிகூடப் படிக்காமல் போகாதீர்கள். அறிவிப்பு வந்ததுமே நூலகப் பிரதிகள் இரவலுக்குப் போய்விடும். அதனால் இரண்டு வாரம் முன்பே நூலகரிடம் சொல்லி வையுங்கள். நாவல் ஐந்து பாகம் என்றாலும் எல்லாவற்றையும் முடிக்க வேண்டியதில்லை. முன்னுரை, முதல் ஐம்பது பக்கம், கடைசியில் ஆதாரக் குறிப்பு இருந்தால் அது: இவ்வளவு போதும். முடிவைத் தெரிந்துகொண்டவர்கள் அதைச் சபையில் போட்டு உடைக்க வேண்டாம்.

அனுமதி கேட்காமல் முழுப் பேச்சையும் நேரலை விடாதீர்கள். அடுத்த நாவலின் கதையை ஆசிரியர் இங்கே நம்பிச் சொல்லியிருக்கலாம். உங்கள் கையெழுத்துப் பிரதியை அவர் கையில் திணிப்பதும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கூட்டம் என்றால் புத்தகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, கடைசி டவுன் பஸ் நேரம், இரண்டும் முக்கியம்.

கையொப்பத்துக்கு ஒன்றிரண்டு புத்தகம் போதும். வீட்டு அலமாரியையே தூக்கி வராதீர்கள். தலைப்புப் பக்கத்தைத் திறந்து வைத்து, பெயரைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள். வரிசை நீளும்போது எழுத்துக்கூட்டிச் சொன்னால் ழ, ள, ல குழம்பும். வழுவழுப்பான தாளில் ஜெல் பேனா மை இழுகும், பால்பாயிண்ட் கொடுங்கள். எந்தப் பேனா ஆனாலும், மை காயும் முன் அட்டையை மூடாதீர்கள்.