'ட்ரிகர்-ஹேப்பி'யில் மகிழ்ச்சி இல்லை

நாளிதழில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் 'ட்ரிகர்-ஹேப்பி' (trigger-happy) என்ற ஆங்கிலச் சொல் வந்தால் பேனாவைக் கீழே வைக்கச் சொல்வேன். சேர்ந்த புதிதில் நான் அதை 'சுடுவதில் மகிழ்ச்சி காணும் போலீஸார்' என்று எழுதிவிட்டேன், அப்படியே அச்சேறியது. சுட்டவர்கள் ரசித்துச் சுட்டதாக ஆகிவிட்டது. மூலச் செய்தியில் அப்படி ஒரு குற்றச்சாட்டே இல்லை.

ட்ரிகர் என்பது துப்பாக்கி விசை. இடறுவது 'ஹேப்பி'தான். அடி வாங்கி வாங்கி நிதானம் தப்பிய குத்துச்சண்டைக்காரன் 'ஸ்லாப்-ஹேப்பி'. இரண்டாம் உலகப் போரில் குண்டுச் சத்தத்தால் மனம் பேதலித்த சிப்பாய் 'பாம்-ஹேப்பி'. 1940களில் பரவிய 'ட்ரிகர்-ஹேப்பி'யும் இதே வரிசைதான்; இங்கே 'ஹேப்பி' மகிழ்ச்சி அல்ல, நிதானம் தப்பிய நிலை. விரல் விசையிலேயே இருக்கும், யோசனை பின்னால் வரும்.

2011 மே மாதம், போலி என்கவுன்ட்டர் வழக்கொன்றில் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, 'ட்ரிகர்-ஹேப்பி' போலீஸாருக்குத் தூக்குமேடை காத்திருக்கிறது என்று எச்சரித்தது. இங்கே 'எடுத்ததற்கெல்லாம் துப்பாக்கியைத் தூக்கும் போலீஸார்' என்று எழுதுங்கள். 'எடுத்ததற்கெல்லாம்' விட்டுப்போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து வந்து ஒரே ஒரு முறை சுட்டவருக்கு இந்தச் சொல் பொருந்தாது; இது ஒருவருடைய போக்கைச் சொல்வது. பழியும் சுமத்துவதால், யார் சொன்னார் என்பதையும் கூடவே எழுதிவிடுங்கள். நம் வாக்கியமாக அது போகவே கூடாது.

துப்பாக்கியே இல்லாத இடங்களும் உண்டு. 1964 அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டரை எதிர்த்தரப்பு இப்படித்தான் சித்திரித்தது. அணு ஆயுதம் பற்றிய அவர் பேச்சுதான் காரணம். அங்கே 'எடுத்தேன் கவிழ்த்தேன் என்று போரில் இறங்கிவிடுபவர்' கச்சிதம். சின்னத் தவறுக்கும் சிவப்பு அட்டை நீட்டும் கால்பந்து நடுவரா? 'தொட்டதற்கெல்லாம் சிவப்பு அட்டை' போதும்.

'முன்கோபி' என்று மட்டும் போடாதீர்கள். அது 'ஹாட்-ஹெடட்'. ட்ரிகர்-ஹேப்பி ஆளுக்குக் கோபமே வர வேண்டியதில்லை. இருட்டில் ஒரு நிழல் அசைந்தாலே சுட்டுவிடுவார்.